கித்தான்: ஒரு முரட்டுத் துணியின் கதை

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் நெடுஞ்சாலை படப்பை வழியாகச் செல்கிறது. ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கும் சென்னை மாநகருக்கும் இடையே இரவும் பகலும் ஓடுகின்ற லாரிகளை இவ்வூரார் ஒவ்வொருவரும் அறிவர். அந்த லாரிகளில் என்ன ஏற்றப்பட்டிருக்கிறது என்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மேலே இழுத்துக் கட்டியிருக்கும் போர்வைதான் தெரிகிறது. மழைக்காலத்தில் நெல்லை மூடுவதும் அதுவே; திருவிழாக் கடைக்குக் கூரையாவதும் அதுவே; வீடிழந்தவனுக்கு வீடாவதும் அதுவே. கான்வாஸ் என்றும், கித்தான் என்றும், தார்ப்பாய் என்றும், படுதா என்றும் பல பெயர்களால் நாம் அழைக்கும் இந்த முரட்டுத் துணியைப் பற்றி யாரும் அதிகம் சிந்திப்பதில்லை. பட்டுக்குக் காஞ்சிபுரம் உண்டு; புகழ் உண்டு. கித்தானுக்குப் புகழ் இல்லை; உழைப்பு மட்டுமே உண்டு. எனினும் அதன் வரலாற்றை விரித்துப் பார்த்தால், கடலும் கலையும் திருமறையும் மனிதத் துயரும் அதில் பாவும் ஊடையுமாகப் பின்னிக் கிடப்பதைக் காணலாம்.

துணியின் தன்மை

நெசவு முறையில் கித்தான் மிக எளியது. பாவு நூல்களினூடே ஊடை நூல் ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழுமாக மாறி மாறிச் செல்லும் சாதாரண நெசவே இது. மல்லுத் துணியும் இப்படித்தான் நெய்யப்படுகிறது. வேறுபாடு எங்கே? நூலின் பருமனிலும், நெசவின் நெருக்கத்திலும்தான். இரண்டு மூன்று இழைகளை ஒன்றாக முறுக்கிய தடித்த நூலைக் கொண்டு, இடைவெளி இல்லாதபடி அடித்து நெருக்கி நெய்தால் கித்தான் பிறக்கிறது. சில வகைகளில் பாவு நூல்களை இரண்டிரண்டாகச் சேர்த்தே நெய்வர். 'டக்' என்று கடைகளில் வழங்கும் துணி இவ்வகையைச் சார்ந்தது. அப்பெயருக்கும் ஆங்கிலத்தில் வாத்தைக் குறிக்கும் சொல்லுக்கும் எத்தகைய உறவும் இல்லை. துணி என்று பொருள்படும் 'தூக்' என்னும் டச்சுச் சொல்லே அவ்வாறு திரிந்தது.

பருத்தி நூலாலான கித்தான் மழையை எவ்வாறு தடுக்கிறது என்று சிலர் வியப்பதுண்டு. நனைந்தவுடன் பருத்தி இழைகள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. அதனால் நூல்களுக்கு இடையே எஞ்சியிருக்கும் நுண்ணிய துளைகளும் அடைபட்டுவிடுகின்றன. மழை பெய்கையில் கூடாரத்துக்குள் இருப்பவர் மேல்துணியை உட்புறம் விரலால் தொடக்கூடாது என்று சாரணர் பாசறைகளில் பிள்ளைகளுக்குக் கற்பிப்பார்கள். தொட்ட இடத்தில் நீரின் பரப்பு இழுவிசை குலைந்து, அங்கிருந்து சொட்டத் தொடங்கும் என்பதே அதன் காரணம். மெழுகு, ஆளிவிதை எண்ணெய், தார் ஆகியவற்றைப் பூசினால் துணியின் தடுப்பாற்றல் இன்னும் பெருகும்.

கான்வாஸ் என்னும் சொல்

இனிப் பெயருக்கு வருவோம். கான்வாஸ் என்பது பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்திற்கு வந்த சொல். அதன் வேர் 'கன்னபிஸ்' என்னும் கிரேக்க, இலத்தீன் சொல். 'கன்னபிஸ் நாரால் ஆனது' என்பதே கான்வாஸ் என்பதன் பொருள். ஆங்கிலத்தில் 'ஹெம்ப்' என்று அதே செடியைச் சொல்லுவார்கள். உருவத்தில் வேறாகத் தோன்றினாலும் கன்னபிஸும் ஹெம்பும் ஒரே சொல்லின் இரு வடிவங்களே. ஜெர்மானிய மொழிகளில் பழைய ககர ஒலி ஹகரமாகவும், பகரத்தின் மெல்லோசை வல்லோசையாகவும் மாறியதால் இந்த வேற்றுமை உண்டாயிற்று என்பது மொழிநூலார் முடிவு.

இந்தக் கன்னபிஸ் எது தெரியுமா? நாம் கஞ்சா என்று அழைக்கும் செடியினமேதான். நம் வயல்களில் பசுந்தாள் உரமாக விதைக்கும் சணப்பு வேறு, சாக்குக்குப் பயன்படும் சணல் வேறு, இது வேறு. இச்செடியின் தண்டுகளை அறுத்து, நீரில் ஊறப்போட்டு, பசை அழுகிக் கழன்றபின் நாரைப் பிரித்தெடுப்பார்கள். உப்பு நீரிலும் எளிதில் மக்காத உறுதியான நார் அது. நூற்றாண்டுக் கணக்காக ஐரோப்பியக் கப்பல்களின் பாய்களும் வடங்களும் பெரும்பாலும் அந்நாராலேயே ஆயின. ஆளிச்செடியின் நாரும் பாய்த்துணிக்குப் பயன்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பருத்திக் கித்தான் பரவலாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் செயற்கை இழை கடலை ஆட்கொண்டது.

பெற்றோர் ஒரு கணம் இங்கே நின்று சிந்திப்பது நலம். ஒரே இனத்துச் செடி. தண்டின் நாரை நாடியவன் கடலைக் கடந்தான்; பூவின் போதையை நாடியவன் தன் வீட்டு வாசற்படியைக்கூடக் கடக்க இயலாதவனாய் விழுந்து கிடக்கிறான். நாருக்காக வளர்க்கப்படும் வகைகளில் போதைப் பொருள் மிகக் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். செடியின் மேல் குற்றமில்லை. போதைப் பொருள்களை ஒடுக்க 1985-இல் நம் நாட்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது; செடியின் பூக்கும் உச்சிப்பகுதியையே அச்சட்டம் கஞ்சா என வரையறுத்துத் தடுக்கிறது. ஆனால் சட்டம் தெருவைத்தான் காவல் செய்ய இயலும். தொழிற்பேட்டைகள் பெருகி, கையில் காசும் கண்காணிப்பற்ற மாலை நேரமும் இளைஞர்க்கு ஒருங்கே கிடைக்கின்ற நம் புறநகர்களில், வீட்டைக் காவல் செய்ய வேண்டியவர் பெற்றோரே. மகன் எங்கே போகிறான் என்று கேட்பது சந்தேகமன்று. அது பாசத்தின் கடமை.

கித்தான் என்னும் சொல்

கான்வாஸ் வருவதற்கு முன்பே தமிழன் வாயில் வழங்கிய சொல் கித்தான். 'கித்தான் பை', 'கித்தான் கட்டில்' என்று முதியோர் இன்றும் சொல்லக் கேட்கலாம். தோற்றத்தில் தமிழ்ச் சொல்லைப்போல இருப்பினும், இது அரபு வழி வந்தது. அரபு மொழியில் ஆளி நாரையும் அதனால் நெய்த துணியையும் 'கத்தான்' என்பர். பருத்தியைக் குறிக்கும் 'குத்ன்' என்பது வேறொரு அரபுச் சொல். ஆங்கிலத்தின் 'காட்டன்' அதிலிருந்து வந்தது.

கத்தானின் உறவினர் மிகப் பழையவர்கள். பண்டைப் பாபிலோனியாவில் வழங்கிய அக்காத் மொழியில் 'கித்து' என்றால் ஆளி நார்த் துணி. எபிரேயத்தில் 'குத்தோனெத்' என்றால் உள்ளங்கி. யாக்கோபு தன் அன்பு மகன் சூசைக்குச் செய்துகொடுத்து, அண்ணன்மாரின் பொறாமைக்குக் காரணமான அந்த அங்கியை ஆதியாகமம் இச்சொல்லாலேயே குறிக்கிறது. இதே சொற்குடும்பம் கடல் கடந்து கிரேக்கத்தில் 'கித்தோன்' ஆயிற்று என்று மொழிநூலார் கருதுகின்றனர். அருளப்பர் நற்செய்தியின் பத்தொன்பதாம் அதிகாரத்தை நினைவுகூருங்கள். கல்வாரியில் போர்வீரர் நம் ஆண்டவரின் உடைகளைப் பங்கிட்டபோது, மேலிருந்து கீழ்வரை தையலின்றி நெய்யப்பட்ட உள்ளங்கியைக் கிழிக்க மனமின்றிச் சீட்டுப் போட்டார்கள் அல்லவா? அவ்வுள்ளங்கிக்குக் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் கித்தோன். நம் வீட்டு மூலையில் மடித்துக் கிடக்கும் கித்தான் பையின் பெயருக்கும், மீட்பரின் அங்கியின் பெயருக்கும் ஒரே குலம் என்பது எத்துணை வியப்பு!

தார்ப்பாயும் பாயும்

ஆங்கிலத்தில் 'டார்பாலின்' என்பது தாரையும் போர்வையையும் குறிக்கும் இரு சொற்கள் இணைந்து உண்டானது. மாலுமிகள் பாய்த்துணியில் தார் பூசிச் சரக்கை மூடினர். அதனையே உடுத்தவும் செய்தனர். இங்கிலாந்தில் கப்பலோட்டிகளுக்குத் தார் என்றே பட்டப்பெயர் ஏற்பட்டது. அச்சொல் துறைமுகத்தில் இறங்கித் தமிழரிடம் வந்தபோது, நம்மவர் அதைக் கேட்டவாறே ஒப்புவிக்கவில்லை. 'தார்' என்பதை அப்படியே ஏற்றுக்கொண்டு, பின்பாதியில் தம் சொந்தச் சொல்லாகிய 'பாய்' என்பதை வைத்துத் தைத்துவிட்டனர். ஒட்டுப் போட்டது தெரியாதபடி அமைந்த தையல் அது.

ஏனெனில் பாய் என்பது படுக்கும் பாயை மட்டும் குறிப்பதன்று. கப்பலின் பாயையும் குறிக்கும். பாய்மரம் என்று இன்றும் சொல்கிறோம். புறநானூற்றின் முப்பதாம் பாட்டில், உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடுமிடத்து, மேற்பாயைக் களையாமலே புகார்த் துறையினுள் புகுந்துவிடும் பெருங்கலம் ஒன்றைக் காட்டுகிறார். துறையின் ஆழத்தைப் புகழ்வது புலவரின் நோக்கம். கப்பற்பாயைக் குறிக்கும் இச்சொல் சங்க காலத்திலேயே வழங்கியது என்பது நமக்குக் கிடைக்கும் செய்தி.

ஈழத்துத் தமிழர் இதனைத் 'தறப்பாள்' என்பர். படுதா என்பதோ திரையைக் குறிக்கும் பாரசீகச் சொல் உருது வழியாக வந்தது. திருவிழாப் பந்தலில் நாம் கட்டும் சாமியானாவும் பாரசீகம் தந்ததே. கொண்டது மட்டுமன்று, நம் நாடு கொடுத்ததும் உண்டு: ஆங்கிலேயர் சாக்குத்துணியைக் 'கன்னி' என்பது நம் கோணியின் இனத்துச் சொல்தான். கள்ளிக்கோட்டையின் பெயரால் 'காலிகோ' என்னும் துணியும் உலகெங்கும் பரவியது.

தேர்தல் காலத்தில் 'கேன்வாஸ் செய்தல்' என்று நம்மவர் சொல்லும் வழக்கும் இத்துணியிலிருந்தே எழுந்தது. ஒருவனைக் கித்தான் விரிப்பில் இட்டு, நாற்புறமும் பிடித்து மேலே தூக்கி எறிந்து விளையாடுவது பழைய ஆங்கில வழக்கம். அதிலிருந்து உலுக்குதல், பின்னர் ஒரு பொருளை உலுக்கி ஆராய்தல், பின்னர் வாக்குக் கேட்டு வீடு வீடாக அலைதல் என்று பொருள் படிப்படியாக விரிந்தது. இன்றும் தேர்தலில் உலுக்கப்படுபவர் யார் என்பதை வாசகரே அறிவர்.

கடையிலிருந்து கலைக்கு

ஓவியர்கள் பலகையிலும் சுவரிலும் எழுதிய காலம் ஒன்று இருந்தது. வெனிஸ் நகரில் கடற்காற்றின் ஈரமும் உப்பும் சுவரோவியங்களை அரித்தன. ஆனால் கப்பல் கட்டும் அந்நகரில் பாய்த்துணிக்குப் பஞ்சமில்லை. ஆகவே பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளில் அந்நகரத்து ஓவியர் கித்தானைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அதன்மேல் எண்ணெய் வண்ணம் தீட்டலாயினர். வெனிஸ் ஆட்சியாளர் மாளிகையில் தின்தொரெத்தோ தீட்டிய வான்வீட்டுக் காட்சி ஏறத்தாழ 22 மீட்டர் அகலமுள்ள கித்தான் ஓவியம். நம் நாட்டில் இரவிவர்மா அம்முறையில் தேர்ந்தார். மெக்சிகோ நாட்டில் 1531-இல் ஏழை இந்தியரான ஹுவான் தியேகோவின் மேற்போர்வையில் தோன்றியதாகத் திருச்சபை போற்றும் குவாதலூப்பே அன்னையின் திருவுருவமும், பட்டில் அன்று, கற்றாழை இன நாரில் நெய்ததாகச் சொல்லப்படும் முரட்டுத் துணியிலேயே உள்ளது.

தமிழகத்தில் கித்தான் ஆற்றிய மற்றொரு பணியை இளைய தலைமுறை அறியாது. கோவையில் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் இரயில்வே ஊழியராக இருந்தவர். 1905-இல் தூப்போன் என்னும் பிரெஞ்சுக்காரர் நோயுற்று நாடு திரும்ப நேர்ந்தபோது, அவரிடமிருந்த படக்கருவியையும் படச்சுருள்களையும் இவர் விலைக்கு வாங்கினார். அவற்றுள் இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் படமும் ஒன்று. வேலையை விட்டுவிட்டு, ஊர் ஊராகக் கூடாரமடித்து மக்களுக்குப் படம் காட்டினார். 1914-இல் கோவையில் 'வெரைட்டி ஹால்' என்னும் நிலையான அரங்கைக் கட்டினார். அசையும் படத்தைத் தமிழர் பலர் முதன்முதலாகக் கண்டது துணிக் கூரையின் கீழ். அங்கே அவர்கள் கண்ட படங்களுள் ஒன்று கிறிஸ்துவின் வரலாறு.

வீட்டிலும் அதற்கு இடமிருந்தது. தாத்தாவின் சாய்வு நாற்காலியில் கோடு போட்ட கித்தான். அண்ணனின் புத்தகப் பை. தேகப்பயிற்சி நாளில் சாக்கட்டி தேய்த்து வெளுக்க வைத்த கான்வாஸ் காலணி. பட்டாளத்திலிருந்து விடுப்பில் வந்தவர் தோளில் சுமந்த பெரும் பை. ஐம்பது வயதைக் கடந்தவர்க்கு இவை யாவும் நினைவில் உள்ளவையே.

கூடாரத் தொழிலாளர் ஒருவர்

இத்துணியைத் தைத்துப் பிழைத்தவர்களுள் நாம் மறக்கக் கூடாதவர் புனித சின்னப்பர். கொரிந்து நகரில் ஆக்கிலா, பிரிஸ்கில்லா என்னும் தம்பதியர் வீட்டில் தங்கி, அவர்களோடு சேர்ந்து கூடாரம் செய்யும் தொழிலில் ஈடுபட்டார் என்று அப்போஸ்தலர் பணி பதினெட்டாம் அதிகாரம் கூறுகிறது. அவர் பிறந்த தார்சு நகர் சிலிசியா நாட்டைச் சேர்ந்தது. அந்நாட்டு ஆட்டு மயிரால் நெய்த தடித்த துணிக்கு 'சிலிசியும்' என்றே பெயர். தபசிகள் உடுத்தும் மயிராடையைத் திருச்சபை இப்பெயராலேயே குறித்து வந்தது. அவர் வேலை செய்தது இத்துணியிலா, தோலிலா என்பதில் அறிஞர் கருத்து ஒன்றாக இல்லை. எதுவாயினும், தடித்த பொருளில் பெரிய ஊசியை ஏற்றி இறக்கிய கை அது. பிறருக்குப் பாரமாயிராமல் தன் உணவைத் தானே ஈட்டிய கை. இறையியல் நூல்களுக்குப் பொருளான திருமுகங்களையும், அன்றாடக் கூலிக்கான கூடாரங்களையும் தந்தவர் ஒருவரே. தையற்காரரையும் சுமை தூக்குவோரையும் நாம் எத்துணை மதிப்போடு நடத்த வேண்டும் என்பதற்கு இதனினும் மேலான பாடம் வேண்டுமோ?

அத்தொழிலாளர் இன்று குறைந்து வருகின்றனர். நெடுஞ்சாலை ஓரங்களில் தரையில் துணியை விரித்து அமர்ந்து, விளிம்பை மடித்து, கயிற்றுக்கு வளையம் பதித்துத் தைப்போர் எங்கும் இருந்தார்கள். கிழிந்த படுதாவுக்கு ஒட்டுப் போடுவது அவர்கள் பிழைப்பு. நீலமும் மஞ்சளுமாய் வந்திறங்கிய நெகிழித் தார்ப்பாய் எடை குறைவு, விலையும் குறைவு. கிழிந்தால் தைப்பாரில்லை, எறிவார்தான் உண்டு. வெயிலில் சில பருவங்கள் கிடந்தால் இழை இழையாக உதிர்ந்து மண்ணிலும் ஏரியிலும் கலந்துவிடுகிறது. கித்தான் மக்கி மண்ணாகும். நெகிழி மக்காமல் மண்ணைக் கெடுக்கும்.

கூரையற்றோரின் கூரை

இறுதியாக, இத்துணி நம் மனச்சான்றைத் தொடும் இடத்திற்கு வருகிறோம். படப்பை, மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரி நீரே அடையாற்றின் தொடக்கம். 2015 டிசம்பர் முதல் நாள்களில் அந்நீர் பெருகியபோது, முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகள் மூழ்கியதை நாம் கண்டோம். மாடி வீட்டுக்காரரும் குடிசைக்காரரும் அந்நாள்களில் தேடிய பொருள்களுள் ஒன்று தார்ப்பாய். 2009-இல் ஈழத்துப் போர் முடிந்தபோது, வவுனியாவுக்கு அருகில் செட்டிகுளத்து முகாம்களில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர் கூடாரங்களிலும் தறப்பாள் கொட்டில்களிலும் அடைபட்டுக் கிடந்தனர். மாணிக்கம் பண்ணை எனப்பட்ட அம்முகாம் மூடப்பட்டது 2012-இல்தான். உலகெங்கும் அகதிகளுக்கு வழங்கப்படும் நிவாரணத் தார்ப்பாயின் வழக்கமான அளவுகளுள் ஒன்று நான்கு மீட்டருக்கு ஆறு மீட்டர். அதாவது 24 சதுர மீட்டர். ஒரு குடும்பத்தின் அடுப்பும் படுக்கையும் மானமும் அவ்வளவுக்குள் அடங்கவேண்டும்.

தொலைவில் செல்ல வேண்டியதில்லை. நம் பகுதியிலேயே ஏரிக்கரைகளிலும் வயலோரங்களிலும் வாழும் இருளர் குடும்பங்கள் பலவற்றின் குடிசைகளில் ஓலைக்கு மேல் கிழிந்த தார்ப்பாய் ஒன்றே மழையைத் தாங்குகிறது. மாடி மேல் மாடியாக எழும்பும் கட்டடங்களின் அடியில், அவற்றைக் கட்டுவதற்காக வடமாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் தகரத்தின் கீழும் தார்ப்பாயின் கீழும் உறங்குகின்றனர். வாக்கானவர் மனுவுருவாகி நம்மிடையே குடிகொண்டார் என்று அருளப்பர் எழுதும் இடத்தில், கிரேக்க மூலத்தின் நேர்ப்பொருள் அவர் நம்மிடையே கூடாரமடித்தார் என்பதாகும். கூடாரத்தில் வாழ்வோரைக் காணும்போது நமக்கு அவர் நினைவு வரவில்லையெனில், கிறிஸ்து பிறப்பு விழாவன்று நாம் அலங்கரிக்கும் குடிலுக்குப் பொருளென்ன?

ஐப்பசியும் கார்த்திகையும் ஆண்டுதோறும் தவறாமல் வருகின்றன. மழை வந்தபின் தேடுவதைவிட, புரட்டாசியிலேயே ஒவ்வொரு அன்பியமும் தன் எல்லைக்குள் கூரை ஒழுகும் வீடுகள் எவையெவை என்று கணக்கெடுக்கலாம். தார்ப்பாய் வாங்கும்போது நிறத்தைப் பார்க்காமல், சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை என்று கேட்டு, உறுதியானதாக வாங்கிக் கொடுக்கலாம். விளிம்பில் வளையம் பதித்துக் கொடுத்தால் கட்டுவது எளிது. வீட்டில் பழைய கித்தான் இருப்பின், நன்றாக வெயிலில் உலர்த்தி மடித்து வையுங்கள். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடித்து இற்றுவிடும். கிழிந்ததை எறியாமல், தைப்பவரைத் தேடிக் கொடுங்கள். ஒரு குடும்பத்துக்கு அன்றைய கூலி கிடைக்கும். தார்ப்பாய் நிலையான வீடாகாது என்பதையும் மறக்க வேண்டாம். இருளர் குடும்பம் ஒன்று மனைப்பட்டாவுக்கு மனு எழுத வேண்டுமானால், எழுதப் படிக்கத் தெரிந்த நம் இளைஞன் ஒருவன் அவர்களுடன் தாலுகா அலுவலகம்வரை செல்லட்டும். அந்த நடை, பத்துத் தார்ப்பாய்களை விட நெடுநாள் நிலைக்கும் கூரையைத் தரும்.